எஞ்சி நிற்கும் உடல்: அரை அரூப ஓவியத்தில் பெண்ணுருவை வாசித்தல்

கதை, தூரக்காட்சி, ஒளிநிழல், பொருள்களின் இயல்பான நிறம் என இருபதாம் நூற்றாண்டின் ஓவியர்கள் கைவிட்டவற்றின் பட்டியல் நீளமானது. இவற்றையெல்லாம் துறந்த பலர் பெண்ணின் உடலை மட்டும் துறக்கவில்லை. பிக்காசோவும் மத்தீஸும் டி கூனிங்கும், இந்தியாவில் ஹுசைனும் சூசாவும் தையப் மேத்தாவும், இலங்கையில் ஜார்ஜ் கீற்றும் தத்தம் வழியில் உருவத்தைச் சிதைத்தும் சுருக்கியும் தட்டையாக்கியும் பார்த்தபோது, அந்தச் சோதனைக்குரிய களமாக மீண்டும் மீண்டும் பெண்ணுருவையே தேர்ந்தனர். அது ஏன் எஞ்சியது, எஞ்சியதை எவ்வாறு வாசிப்பது என்ற கேள்விகளுக்குக் கலை விமரிசனம் நூறாண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகளைத் தந்துவந்திருக்கிறது. அவ்விடைகளை ஓவியங்களின் அருகில் வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியுலகப் பொருள் எதையும் சுட்டாமல் கோடு, நிறம், பரப்பு ஆகியவற்றின் உறவால் மட்டுமே அமைவது அரூப ஓவியம். பார்ப்பவர் ஒரு பொருளை அடையாளம் காண்பதற்குப் போதுமான தடயங்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கோட்டுக்கும் நிறத்துக்கும் ஒப்புக்கொடுத்துவிடுவது அரை அரூபம். இந்நிலையை இரு திசைகளிலிருந்து அடையலாம். மத்தீஸ் 1935இல் வரைந்த, இன்று பால்டிமோர் அருங்காட்சியகத்தில் உள்ள, படுத்திருக்கும் பெரிய இளஞ்சிவப்பு நிர்வாண உருவம் முதல் திசைக்குச் சான்றாகும். லிடியா டெலெக்டோர்ஸ்காயா மாடலாக அமர, ஓரளவு இயல்பான உடலாகத் தொடங்கிய அந்த ஓவியம், மாதக்கணக்கில் படிப்படியாகச் சுருக்கப்பட்டுக் கட்டங்களிட்ட விரிப்பின்மேல் விரிந்து கிடக்கும் தட்டையான வடிவமானது. இடைநிலைகளை மத்தீஸ் புகைப்படங்களாகப் பதிவு செய்துவைத்திருந்ததால், எந்தக் கட்டத்தில் எது விடப்பட்டது என்பதை இன்றும் பின்தொடர முடிகிறது. இரவீந்திரநாத் தாகூரின் பெண் முகங்கள் எதிர்த் திசையிலிருந்து வந்தவை. 1924ஆம் ஆண்டளவில் 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் அடித்த சொற்களை ஒன்றோடொன்று இணைத்துக் கோலமிடத் தொடங்கிய அவருடைய கை, அக்கிறுக்கல்களிலிருந்தே பறவைகளையும் விலங்குகளையும் கண்டெடுத்து, பின்னர் முக்காடிட்ட நீள்வட்ட முகங்களையும் வந்தடைந்தது. முதலாவதில் பெண் முன்பே இருந்தாள், வடிவம் பின்னால் வந்தது. இரண்டாவதில் வடிவம் முதலில் வந்தது, பெண் பிறகு தென்பட்டாள். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் விளக்கம் தொடக்கத்திலேயே பிழைபட்டுப் போகிறது.

விளக்கங்களுள் மூத்தது, வடிவத்தை மட்டும் பார் என்று சொல்லும் வடிவவாதம். ஓர் ஓவியம் போர்க்குதிரையாகவோ நிர்வாணப் பெண்ணாகவோ ஏதேனும் ஒரு கதையாகவோ ஆவதற்கு முன், குறிப்பிட்ட ஒழுங்கில் நிறங்கள் பூசப்பட்ட தட்டையான பரப்பு என்ற கருத்தை 1890இல் மொரிஸ் தெனி முன்வைத்தார். 1914இல் கிளைவ் பெல் இதை மேலும் வலுவாக்கி, கோடும் நிறமும் தமக்குள் கொள்ளும் உறவே கலையுணர்ச்சியைத் தருகிறது என்றும், ஓவியம் எதைக் காட்டுகிறது என்பது அவ்வுணர்ச்சிக்குத் தேவையற்றது என்றும் வாதிட்டார். பெண்ணுடலைக் காமப்பொருளாகவோ ஒழுக்கக்கேடாகவோ மட்டுமே பார்த்த ரசனையிலிருந்து ஓவியத்தை மீட்டது இவ்வாதத்தின் பெரும்பணி. ஆனால் பெண்ணாக இருப்பது பொருட்டல்ல என்றால் அந்த இடத்தில் பானையோ மரமோ ஏன் அத்தனை முறை வரவில்லை என்ற எளிய கேள்விக்கு வடிவவாதத்திடம் விடையில்லை. தெனியின் வாக்கியத்திலேயே, மறந்துவிட வேண்டிய பொருளுக்கு எடுத்துக்காட்டாக வந்து நிற்பது ஒரு நிர்வாணப் பெண் என்பது கவனத்துக்குரியது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது குறியீட்டு விளக்கம். அது பெண்ணுருவைக் கண்டவுடன் தாய்மை, மண், கருவளம், சக்தி, இயற்கை, மர்மம் ஆகியவற்றுள் ஒன்றைச் சொல்லி அமைதியடைகிறது. அரை அரூபம் இவ்விளக்கத்துக்கு மிகவும் இடங்கொடுப்பது. ஏனெனில் முகம், உடை, இடம், தொழில், வயது ஆகிய தனி அடையாளங்கள் விலகிய பிறகு உருவத்தில் நிறைய வெற்றிடம் உண்டாகிறது, அந்த வெற்றிடத்தைப் பண்பாடு தன் கைவசமுள்ள பொதுப்பொருளால் நிரப்பிவிடுகிறது. இவ்வாறு நிரப்புவது எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. காளியை வரைந்த ஓவியத்தில் காளியைக் காண்பது பிழையாகாது. குறை வேறிடத்தில் இருக்கிறது: இத்தகைய விளக்கம் எந்த ஓவியத்துக்கும் பொருந்திவிடுகிறது, ஆகவே எந்த ஓவியத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. ஓவியர் எதை நீக்கினார், எதை வைத்துக்கொண்டார் என்பதே அரை அரூபத்தின் மொழி. இதைப் படிக்காமல் பொருள் சொல்லப் புகும் விளக்கம் எதுவும், கோட்பாட்டளவில் எவ்வளவு முற்போக்கானதாயினும், ஓவியத்தைத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பிக்காசோ 1907இல் வரைந்த 'அவிஞ்ஞோனின் பெண்கள்' இதைச் சோதித்துப் பார்க்க உகந்த ஓவியம். ஏறத்தாழ எட்டடிச் சதுரமான அந்தக் கித்தானில் ஐந்து பெண்கள் இருக்கின்றனர். தொடக்க வரைவுகளில் அவர்களோடு ஒரு மாலுமியும் ஒரு மருத்துவ மாணவனும் இருந்தனர். விலைமாதர் இல்லத்தின் வரவேற்பறைக் காட்சியாக, நோயையும் இன்பத்தையும் பற்றிய ஒரு நீதிக்கதையைப் போல அது திட்டமிடப்பட்டிருந்தது. ஆண்கள் இருவரும் நீக்கப்பட்ட பிறகு, ஓவியத்துக்குள்ளேயே இருந்த பெண்களின் பார்வை வெளியே, கித்தானின் முன்னால் நிற்பவரை நோக்கித் திரும்பியது. லியோ ஸ்டைன்பர்க் 1972இல் எழுதிய நெடுங்கட்டுரை இந்த மாற்றத்தையே மையமாகக் கொண்டு, அதுவரை கியூபிசத்தின் தோற்றுவாயாக மட்டும் பேசப்பட்ட ஓவியத்தை, பார்வையாளரை வாடிக்கையாளராக நிறுத்தி நேருக்கு நேர் எதிர்கொள்ளும் நிகழ்வாக வாசித்தது. கியூபிசம் என்பது ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து கண்டு, அக்கோணங்களைத் தளங்களாக உடைத்து ஒரே பரப்பில் அடுக்கும் முறை. வலது கீழ் மூலையில் குந்தியிருக்கும் பெண்ணிடம் அதன் முன்னோட்டத்தைக் காணலாம்: அவளுடைய முதுகு நம் பக்கம் இருக்கிறது, முகமும் நம் பக்கமே இருக்கிறது. கழுத்து எவ்வழியாகத் திரும்பியது என்பதற்கு ஓவியத்தில் விடை இல்லை. உடற்கூறு விட்டுக்கொடுத்துவிட்டது, பார்வை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த முகமும் அதற்கு மேலே நிற்பவளின் முகமும் ஆப்பிரிக்க முகமூடிகளை நினைவூட்டுபவை என்பதும், பிக்காசோ அவ்வாண்டு பாரிஸின் த்ரோக்கதேரோ இனவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தார் என்பதும் பரவலாக அறியப்பட்டவை. காலனிய ஆட்சியின் வழியே ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த சடங்குப் பொருள்கள், அச்சத்தின் வடிவமாகப் பாலியல் தொழிலாளிகளின் உடல்மீது பொருத்தப்பட்டன என்பதை விளக்கத்திலிருந்து விலக்கிவிட முடியாது. கரோல் டங்கன் 1989இல் எழுதிய கட்டுரையில், இவ்வோவியமும் டி கூனிங்கின் பெண் ஓவியங்களும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் எந்த இடத்தில் எப்படி மாட்டப்பட்டிருந்தன என்பதையே ஆராய்ந்து, நவீனக் கலையின் வீரக்கதை ஆண் பார்வையாளருக்காக அமைக்கப்பட்டது என்று காட்டினார். ஸ்டைன்பர்க்கின் வாசிப்பும் டங்கனின் வாசிப்பும் முரண்படுவதாகத் தோன்றினாலும் ஒரே சான்றையே, அதாவது பார்வையின் திசையையே, நம்பி நிற்கின்றன.

தலைப்பைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று வழங்கும் பெயரைப் பிக்காசோ சூட்டவில்லை. 1916இல் ஓவியம் முதன்முறை பொதுக்காட்சிக்கு வந்தபோது, கண்காட்சியை ஏற்பாடு செய்த ஆந்த்ரே சல்மோன் வைத்த நாகரிகமான பெயர் அது. அரை அரூப ஓவியத்தில் தலைப்பு, உருவம் சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடித்துவிடும் ஆற்றல் கொண்டது. ஆகவே அதை யார், எப்போது, எதற்காக வைத்தார் என்று கேட்காமல் தலைப்பிலிருந்து விளக்கத்தைத் தொடங்குவது ஆபத்தானது. இந்த ஆபத்து இந்தியாவில் நீதிமன்றம்வரை சென்றது.

அதற்கு முன், இவ்வகையின் மிகக் கடுமையான சிக்கலாக இன்றும் விளங்கும் டி கூனிங்கின் ஓவியத்தைப் பார்ப்பது பொருந்தும். ராட்டர்டாமில் பிறந்து 1926இல் அமெரிக்கா சேர்ந்த வில்லெம் டி கூனிங், 1950இல் தொடங்கி 1952வரை ஒரே கித்தானில் உழைத்து 'பெண் 1' ஓவியத்தை முடித்தார். ஆறடிக்குச் சற்றுக் கூடுதலான உயரமும் ஏறத்தாழ ஐந்தடி அகலமும் கொண்டது அது. பூசியதைச் சுரண்டி, மீண்டும் பூசி, மீண்டும் சுரண்டி, ஒரு கட்டத்தில் மனம் வெறுத்து ஒதுக்கி வைத்துவிட்ட அந்த ஓவியத்தை, கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பீரோ பார்த்துப் பேசிய பிறகே அவர் மீண்டும் கையில் எடுத்தார். 1953 மார்ச்சில் சிட்னி ஜானிஸ் கலைக்கூடத்தில் இதுவும் இதையொத்த பிற பெண் ஓவியங்களும் காட்சிக்கு வந்தபோது எதிர்ப்பு இரு முனைகளிலிருந்து வந்தது. அரூபமே இனி ஓவியத்தின் வழி என்று நம்பியவர்கள், அவர் உருவத்துக்குத் திரும்பியதைப் பின்னடைவாகக் கண்டனர். மற்றவர்கள் பெண்மீது நிகழ்த்தப்பட்ட வன்முறையாகக் கண்டனர்.

ஓவியத்தில் எஞ்சியிருப்பவற்றைக் கணக்கெடுத்தால் பெரிய வட்டக் கண்கள், வரிசையாகத் தெரியும் பற்கள், இரு பெரும் மார்பகங்கள், அமர்ந்திருக்கும் நிலை ஆகியவை மட்டுமே உறுதியாகத் தேறும். கைகள் தூரிகை வீச்சுகளுக்குள் கரைந்துவிட்டன. மடி எங்கே முடிந்து இருக்கை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. உடலின் எல்லைக்கோடு தொடங்கிய சில அங்குலங்களிலேயே பின்புலத்தின் கோடாக மாறி வெளியேறிவிடுகிறது. ஆக, செயல்படும் உறுப்பான கை அழிந்து, காட்சிப்பொருளாகும் உறுப்புகள் மட்டும் தங்கியிருக்கின்றன. இதையே சான்றாகக் கொண்டு பெண்வெறுப்பு என்று முடிவு கட்டுவது எளிது, அம்முடிவுக்கு ஆதாரமும் உண்டு. ஆனால் அந்தப் பல்வரிசை எங்கிருந்து வந்தது என்பதையும் உடன் பார்க்க வேண்டும். இதே காலத்துச் சிறு வரைவொன்றில் டி கூனிங், இதழில் வெளியான கேமல் சிகரெட் விளம்பரத்திலிருந்து ஒரு பெண்ணின் புன்னகையைக் கத்தரித்து, முகத்தில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டினார். 1952-53இல் வரைந்த 'பெண்ணும் மிதிவண்டியும்' ஓவியத்தில் வாய்க்குக் கீழே கழுத்தணிபோல இன்னொரு பல்வரிசையும் தொங்குகிறது. அமெரிக்க நுகர்வுச் சந்தை பெண்ணின் முகத்திலிருந்து பிரித்தெடுத்து விற்ற சிரிப்பு அது. விளம்பரம் செய்த சிதைவை ஓவியம் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறது என்று சொல்லலாம். அதைச் செய்யும்போதே தானும் அச்சிதைவில் மகிழ்ச்சி கொள்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் விளக்கம், அந்தக் கித்தானில் இரண்டாண்டுக் காலம் நடந்த சுரண்டலும் பூச்சும் ஏன் தேவைப்பட்டன என்பதை விளக்க முடியாது. டி கூனிங்கின் மனைவியும் ஓவியருமான எலைன் டி கூனிங், இதே ஐம்பதுகளில் அமர்ந்திருக்கும் ஆண்களை முகம் இல்லாமல் வரைந்துகொண்டிருந்தார் என்பதும், உடல் அமரும் தோரணையே ஓர் ஆளை அடையாளம் காட்டப் போதுமானது என்று கருதினார் என்பதும் இந்த விவாதத்தில் அரிதாகவே நினைவுகூரப்படுகின்றன.

1970களில் எழுந்த பெண்ணியக் கலை விமரிசனம் கேள்வியின் இடத்தையே மாற்றியது. கென்னத் கிளார்க் 1956இல் வெளியான நூலில், ஆடை களைந்த வெற்றுடலுக்கும் கலையின் ஒழுங்கமைந்த நிர்வாணத்துக்கும் வேறுபாடு கண்டிருந்தார். 1972இல் ஜான் பெர்ஜர், அந்த நிர்வாணம் என்பது பார்க்கப்படுவதற்காக அணிவிக்கப்பட்ட இன்னோர் ஆடையே என்று மறுத்தார். லிண்டா நோக்லின் 1971இல் எழுதிய கட்டுரை, நிர்வாண மாடலை முன்னிறுத்தி உடலை வரையப் பயிலும் வகுப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெண் மாணவர்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தன என்பதை நினைவூட்டி, மேதைமை பற்றிய பேச்சை நிறுவனங்களின் வாசல் பற்றிய பேச்சாக மாற்றியது. இதன் பிறகு, பெண்ணுரு எதைக் குறிக்கிறது என்ற கேள்வியோடு யார் யாரை எங்கிருந்து பார்க்கிறார் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தாக வேண்டியதாயிற்று.

பெண் ஓவியர்கள் அரை அரூபத்தைக் கையாண்ட விதம் இங்கே பெரும் வெளிச்சம் தருகிறது. லூயிஸ் பூர்ஷ்வா, பாரிஸிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து மூன்று மகன்களை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1946-47இல் வரைந்த ஓவியத் தொடரில் பெண்ணின் இடுப்புக்குக் கீழே நிர்வாண உடலும் மேலே ஒரு வீடும் இருக்கின்றன. தலை இருக்க வேண்டிய இடத்தை வீடு விழுங்கியிருக்கிறது. ஓர் ஓவியத்தில் அவ்வீட்டிலிருந்து சின்னஞ்சிறு கை ஒன்று வெளியே நீள்கிறது. டி கூனிங்கிடம் கரைந்துபோன கை இங்கே அளவில் குன்றியேனும் செயல்படுகிறது. ஆஸ்திரிய ஓவியர் மரியா லாஸ்னிக் இன்னும் தீவிரமான விதியைத் தனக்கு வகுத்துக்கொண்டார்: வரையும் நேரத்தில் உடலின் எந்தப் பகுதியை உள்ளிருந்து உணர முடிகிறதோ அதை மட்டும் வரைவது. தலைமயிரை உள்ளிருந்து உணர முடியாது. ஆகவே அவருடைய தலைகள் பலவற்றில் மயிர் இல்லை. பார்வைக்கு அழகாகத் தெரிவது விலகி, உணர்வில் கனப்பது எஞ்சுகிறது. எது எஞ்சுகிறது என்பதே விளக்கத்தின் திறவுகோல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ஆயினும் பெண் வரைந்தால் பெண்ணுக்கு நீதி கிடைத்துவிடும் என்ற எளிய முடிவுக்கும் இடமில்லை. பிரேசிலின் தர்சிலா டோ அமரால் 1923இல் பாரிஸில் வரைந்த 'கறுப்பினப் பெண்' ஓவியத்தில், பட்டை பட்டையான அரூப வண்ணப் பின்னணியின் முன், சப்பணமிட்ட பேருருவாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். பெருத்த உதடுகளும், மடியை நோக்கித் தொங்கும் ஒற்றை மார்பகமும், பின்னே சாய்வாகச் செல்லும் வாழையிலையும் மட்டுமே விவரமாகத் தரப்பட்டவை. அடிமைமுறை 1888வரை சட்டபூர்வமாக இருந்த நாட்டில், காபித் தோட்ட முதலாளிகளின் குடும்பத்தில் பிறந்தவர் ஓவியர். அந்த மார்பகம் எசமானர்களின் குழந்தைகளுக்குப் பாலூட்டிய செவிலித்தாயின் மார்பகம் என்பதை பிரேசிலிய வரலாறு அறிந்த எவரும் காணாமல் இருக்க முடியாது. பின்னணியில் நவீனத்துவம், முன்னணியில் தோட்ட வீட்டின் நினைவு. பாலினம் ஒன்றே பார்வையைத் தீர்மானிப்பதில்லை. வர்க்கமும் நிறமும், இந்தியாவில் சாதியும், எதை வைத்துக்கொள்வது எதை நீக்குவது என்ற தேர்வுக்குள் புகுந்துவிடுகின்றன.

இந்திய ஓவியத்துக்கு வரும்போது சிக்கலின் தன்மை மாறுகிறது. ஐரோப்பாவில் உருத்திரிபு என்பது நானூறு ஆண்டு இயற்பண்பு மரபுக்கு எதிரான கலகம். இங்கோ ரவிவர்மாவும் காலனியக் கலைப்பள்ளிகளும் கொண்டுவந்த இயற்பண்புதான் புதுவரவு, மெலிந்த இடையும் பருத்த கொங்கையும் முவ்வளைவு நிலையும் கொண்ட சிற்ப மரபோ நெடுங்காலம் உடலை இயல்பிலிருந்து விலக்கியே வடித்துவந்தது. ஆகவே 1947இல் பம்பாயில் உருவான முற்போக்குக் கலைஞர் குழுவைச் சேர்ந்த சூசா ஒரு பெண்ணின் உடலைத் தடித்த கறுப்புக் கோடுகளால் சிதைக்கும்போது, பிக்காசோவின் செல்வாக்கோடு கோயில் சிற்பங்களின் தொடர்ச்சியையும் காண வேண்டியிருக்கிறது. இலங்கையில் 1943ஆம் ஆண்டுக் குழுவின் முன்னணி ஓவியரான ஜார்ஜ் கீற்று, கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய நாயகியரின் முகங்கள் கியூபிச முறையில் பக்கத்தோற்றமும் முன்தோற்றமும் ஒன்றாகப் பின்னியிருப்பினும், அவர்களுடைய விழிகளும் வளைவுகளும் தீவின் சுவரோவிய மரபையும் காதற்பாட்டையும் விட்டு அகலவில்லை. இந்த இணைப்பு இனிமையானது. அந்த இனிமையே அதன் எல்லையும் ஆகும், ஏனெனில் அப்பெண்கள் காதலிக்கப்படுவதைத் தவிர வேறு வேலை ஏதும் இல்லாதவர்களாக ஓவியத்துக்கு ஓவியம் தொடர்கின்றனர்.

தையப் மேத்தா எதிர்த் திசையில் சென்றவர். 1947ஆம் ஆண்டுக் கலவரத்தில் பம்பாய்த் தெருவில் ஒரு மனிதர் கொல்லப்பட்டதைச் சன்னலிலிருந்து கண்ட இளமை நினைவு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. வீழும் உருவமும் கட்டுண்ட காளையும் அவருடைய ஓவியங்களில் மீள மீள வந்தன. 1969 முதல் கித்தானைக் குறுக்காக வெட்டிச் செல்லும் மூலைவிட்டம் அவருடைய உருவங்களைப் பிளந்தது. எண்பதுகளின் நடுவில் சாந்திநிகேதனில் தங்கியிருந்த பிறகு காளியும் மகிஷாசுரனை எதிர்கொள்ளும் தேவியும் அவருடைய ஓவியங்களில் இடம்பெற்றனர். தட்டையான நீலப் பரப்பாக உடல், அதில் திறந்த சிவந்த வாய், மெல்லிய கோடு. ஆபரணம் இல்லை, கோயில் இல்லை. தேவிக்கும் எருமைக்கும் இடையே எந்த அவயவம் யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினமாகும் அளவுக்கு உருவங்கள் பின்னிக்கிடக்கின்றன. இவற்றைச் சக்தியின் வெற்றி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் வெற்றியாளரும் வீழ்பவரும் ஒரே கோட்டுக்குள் அடைபட்டிருப்பதை அவ்விளக்கம் காணத் தவறுகிறது.

ஹுசைனின் அன்னை தெரசா ஓவியங்களில் நீக்கப்பட்டது முகம். எஞ்சியது நீலக்கரையிட்ட வெள்ளைப் புடவையும் குழந்தையை ஏந்தும் கைகளும். இரண்டு வயது நிறைவதற்குள் தாயை இழந்த தனக்கு அவருடைய முகம் நினைவில் இல்லை என்று ஹுசைன் பலமுறை சொல்லியிருக்கிறார். வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு ஓவியத்தை விளக்கும் முறை பல இடங்களில் பொய்த்துப்போவதுண்டு. இங்கே அது பொருந்துவதற்குக் காரணம், வெற்றிடமாக விடப்பட்ட முகம் அச்செய்தியைக் கித்தானிலேயே தாங்கி நிற்பதுதான். இதே ஹுசைன் வரைந்த நிர்வாணப் பெண்ணுருவம் ஒன்று, இந்திய வரைபடத்தின் வடிவில் அமைந்தது, 2006இல் ஏல விளம்பரமொன்றில் 'பாரத மாதா' என்ற தலைப்போடு வெளியாகி நாடெங்கும் வழக்குகளுக்குக் காரணமாயிற்று. ஓவியர் அதற்குப் பெயரிடவில்லை, தலைப்பு பிறர் வைத்தது. 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வழக்குகளை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக 2016இல் பெருமாள்முருகன் வழக்கிலும் படைப்புரிமையின் பக்கம் நின்றவர் என்பது தமிழ் வாசகர் அறிந்தது. இதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன், 1954இல், பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் அக்பர் பதம்சி வைத்த 'காதலர்' ஓவியத்தில் ஆணின் கை பெண்ணின் மார்பில் இருந்தது என்பதற்காக அவர்மீது ஆபாச வழக்குத் தொடுக்கப்பட்டு, அவர் விடுவிக்கப்பட்டார். அரை அரூபத்தைச் சட்டத்தின் முன் நிறுத்தியவர்கள் அனைவரும் செய்த ஒரே தவறு, அடையாளம் காண முடிந்த உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு, அதைச் சூழ்ந்திருக்கும் கோட்டையும் நிறத்தையும் பாராமல் விட்டதுதான்.

1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைப்பள்ளியில், 1957 முதல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த பத்தாண்டுகளில் கோடு ஓவியத்தின் முதுகெலும்பாயிற்று. வண்ணப்பரப்பின் விளிம்பாக அடங்கிக் கிடக்காமல் கோடு தனித்து நடக்கும் இம்முறையில், சந்தானராஜின் பெண்ணுருவங்களில் நிறம் ஒரு வழியாகவும் கோடு இன்னொரு வழியாகவும் சென்று இடையிடையே சந்திக்கின்றன. முனுசாமியிடம் உருவம் வண்ணத்துக்குள் ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் அமைந்ததும், ஆதிமூலம் போன்றோரின் கோட்டோவியங்கள் சிற்றிதழ்களிலும் வார இதழ்களிலும் இடம்பெற்றதும் இம்மொழியைத் தமிழ் வாசகருக்குப் பழக்கப்படுத்தின. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த படங்களைக் கண்டவர்கள், கலைக்கூடத்தின் வாசலையே மிதித்திராதபோதும், சில கோடுகளில் நிற்கும் கரிசல் மாந்தரை அடையாளம் கண்டனர். பின்னாளில், பெரிய குங்குமப்பொட்டும் குடமுமாகக் கிராமத்துப் பெண் விற்பனைக்கு ஏற்ற அச்சாகிப்போனதும் இதே மரபின் நிழலில்தான். அங்கே சுருக்கம் என்பது கண்டடைதலாக இல்லாமல் பழக்கமாகிவிட்டது.

சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, 1969இல் இளம் வயதில் பிரசவத்தின்போது மறைந்த டி.கே. பத்மினியின் ஓவியங்களுக்கு இந்த விவாதத்தில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. பொன்னானிப் பகுதியின் கிராமத்திலிருந்து வந்த அவருடைய பெண்கள், இருண்ட பச்சையும் பழுப்புமான நிலத்தில், மரங்களுக்கும் குன்றுகளுக்கும் இடையே, பெரும்பாலும் ஆண்துணையின்றி நிற்கின்றனர். உடல்கள் எளிமையாக்கப்பட்டிருக்கின்றன, நிர்வாணமாக இருக்கும் இடத்திலும் அழைக்கும் தோரணை இல்லை, கண்கள் கனத்திருக்கின்றன, பார்ப்பவருக்கு அவை எதையும் தருவதில்லை. உடலின் நிறமும் மண்ணின் நிறமும் நெருங்கி வருவதால் பெண்ணே இயற்கை என்று குறிப்பெழுதும் ஆசை எவருக்கும் எழும். கூர்ந்து நோக்கினால் அந்நிலம் இவர்களை வரவேற்பதாகத் தெரியவில்லை. இரவும் தனிமையும் அதில் அடர்ந்திருக்கின்றன, பெண் அதனுள் ஒதுங்கி நிற்கிறாளே ஒழியக் கரைந்துபோகவில்லை. அவருடைய இறுதி ஓவியமாகக் கருதப்படுவது பட்டம் விடும் ஒரு சிறுமியின் உருவம். கையில் நூலும் மேலே வானமும் கொண்ட அந்தச் சிறுமி செயலில் ஈடுபட்டிருக்கிறாள். நாயகி மரபிலோ டி கூனிங்கிடமோ எளிதில் கிடைக்காத செயல் அது.

இவ்வோவியங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கண்காட்சிக் குறிப்புகளும் அறிமுகக் கட்டுரைகளும் தாய்மை, சக்தி, மண்வாசனை ஆகிய சொற்களிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எழுதுவோர் அச்சொற்களைச் சற்றே ஒத்திவைத்து, ஓவியத்தில் கை என்ன செய்கிறது, கண் எங்கே பார்க்கிறது, முகம் இருக்கிறதா, உடலின் கோடு எங்கே அறுபடுகிறது, தலைப்பை வைத்தவர் யார், மாடலாக அமர்ந்த பெண் எந்த வாழ்விலிருந்து வந்தவர் என்பவற்றை முதலில் எழுத வேண்டும். கல்லூரிகளில் கலை வரலாறு பயிற்றுவோர் இந்த விவரிப்பை ஒரு பயிற்சியாகவே வைக்க வேண்டும். அதற்கான ஓவியங்கள் தொலைவில் இல்லை: பத்மினியின் படைப்புகள் கொச்சி தர்பார் ஹால் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளன, சென்னைக் கலைப்பள்ளி சார்ந்த ஓவியர்களின் படைப்புகளைச் சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் நேரில் காணலாம்.